படகில் ‘வந்து சேர்ந்தது’ குற்றமா? பிரித்தானியச் சட்டம் பற்றி ஒரு கேள்வி

தேம்ஸ்கரையான் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். சட்டம் தெரிந்தவர்களிடமும் நீதிமன்றங்களோடு பழக்கமுள்ளவர்களிடமும் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்புகிறேன்.

என் தந்தையார் 1986ஆம் ஆண்டு, தலைமாற்றிய (வேறொருவருடையதில் தன் படத்தை ஒட்டிய) கடவுச்சீட்டு ஒன்றில் ஹீத்ரோவில் வந்திறங்கி, அங்கேயே குடிவரவு அதிகாரியிடம் தஞ்சம் கேட்டவர். புத்தகம் பொய்யானது என்பதை அவர் தாமாகவே சொன்னார். சில வாரங்கள் தடுத்து வைத்திருந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். எந்த நீதிமன்றத்திலும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. சென்ற வாரம், பிரான்ஸின் கலேயிலிருந்து இறப்பர் படகில் வந்த சூடான் இளைஞர் ஒருவருக்கு எட்டு மாதச் சிறை என்று வாசித்துக் காட்டியபோது, “அவன் இங்க வந்து என்ன களவெடுத்தவன்?” என்று கேட்டார். “ஒண்டும் எடுக்கேல்லை அப்பா, வந்ததுக்குத்தான் மறியல் (சிறை)” என்றேன். நான் ஏதோ பிழையாக வாசித்துவிட்டேன் என்றே அவர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் பிரித்தானியா கையொப்பமிட்டிருக்கிறது. அதன் 31ஆம் உறுப்புரை, உயிருக்கு அஞ்சி நேரடியாக வரும் அகதி தாமதமின்றி அதிகாரிகளிடம் தன்னை ஒப்படைத்து, அனுமதியின்றி வந்தமைக்குத் தக்க காரணமும் காட்டினால், அவ்வாறு வந்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, தஞ்சம் கோரிய ஒருவரை எந்தச் சட்டத்தின் கீழ் சிறைக்கு அனுப்புகிறார்கள்? படகில் வரும் எல்லோருக்கும் இது பொருந்துமா, அல்லது படகை ஓட்டியவருக்கு மட்டுமா? தண்டனை பெற்றவரின் தஞ்சக் கோரிக்கை என்னவாகிறது?

வழக்கேடு எழுதியது:

வணக்கம் தேம்ஸ்கரையான். நான் சொலிசிட்டர் அல்ல. குடிவரவு வழக்குகளைக் கையாளும் அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகக் கோப்புகளோடு மாரடிப்பவன். உங்கள் தந்தையார் நம்ப மறுப்பதில் வியப்பில்லை. அவர் வந்த காலத்தில் இந்தக் குற்றமே சட்டப் புத்தகத்தில் இருக்கவில்லை.

1971ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, அனுமதியின்றி நாட்டுக்குள் ‘நுழைவதை’ மட்டுமே குற்றமாக்கியிருந்தது. அதிகபட்சத் தண்டனை ஆறு மாதம். ஆனால் அதே சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, துறைமுகத்தில் வந்திறங்கிய ஒருவர் அதிகாரிகளின் பரிசோதனைக்கென ஒதுக்கப்பட்ட பகுதியைத் தாண்டும்வரை நாட்டுக்குள் ‘நுழைந்தவராக’ கருதப்படமாட்டார். ஆங்கிலக் கால்வாயின் நடுவில் எல்லைக் காவல் படையிடம் அகப்பட்டு, டோவர் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கேயே தஞ்சம் கேட்கும் ஒருவர் நாட்டுக்குள் வந்துவிட்டார், ஆனால் நுழையவில்லை. இது வெறும் சொற்சிலம்பம் என்று தோன்றலாம். எனினும் படகோட்டி, பிறர் சட்டவிரோதமாக நுழைய உதவியதற்காகச் சிறையிலிருந்த சிலர் இந்த வேறுபாட்டால்தான் விடுதலையானார்கள். 2021 டிசம்பரில், பானி என்பவரின் பெயரால் அறியப்படும் வழக்கில், மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தகைய தண்டனைகளை இரத்துச் செய்தது. பயணிகளின் எண்ணம் கரையில் ஒளிந்து இறங்குவதா, அல்லது அதிகாரிகளிடம் அகப்பட்டுத் தஞ்சம் கேட்பதா என்பதை யூரிகள் (நடுவர் குழுக்கள்) ஆராய வேண்டியிருந்தும், அவர்களுக்கு அது சரியாக எடுத்துச் சொல்லப்படவில்லை என்பதே காரணம்.

பாராளுமன்றம் அந்த இடைவெளியை அடைத்தது. 2022ஆம் ஆண்டின் தேசியம் மற்றும் எல்லைகள் சட்டம், முன்னனுமதி தேவைப்படும் ஒருவர் அது இல்லாமல் தெரிந்தே ‘வந்து சேர்வதையே’ குற்றமாக்கி, அதிகபட்சத் தண்டனையை நான்கு ஆண்டுகளாக நிர்ணயித்தது. இது 2022 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்தது. வருவதற்கு உதவியவருக்கான அதிகபட்சத் தண்டனை 14 ஆண்டிலிருந்து ஆயுட்காலமாக உயர்ந்தது. தஞ்சம் கேட்பதற்கென்று விசா எதுவும் பிரித்தானியாவில் கிடையாது. இருந்தால்தானே ஒருவர் முன்னனுமதி பெற்று வருவதற்கு? எனவே சூடானிலிருந்தோ எரித்திரியாவிலிருந்தோ தஞ்சம் தேடிப் படகில் வருபவர் ஏறத்தாழ எல்லோரும் இந்தக் குற்றத்தின் வரைவிலக்கணத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இனி 31ஆம் உறுப்புரை. அடிமி என்பவரின் வழக்கில் 1999ஆம் ஆண்டு, பொய் ஆவணத்தோடு வந்த அகதிகள்மீது வழக்குத் தொடுக்கும் அரசின் போக்கை நீதிமன்றம் கண்டித்த பின்னர், அதே ஆண்டுச் சட்டமொன்றின் 31ஆம் பிரிவாக (எண் ஒத்துப்போனது தற்செயல்தான்) அகதிகளுக்கு ஓர் எதிர்வாதம் வழங்கப்பட்டது. ஆனால் அது ஒரு பட்டியலில் உள்ள குற்றங்களுக்கு மட்டுமே செல்லும்: பொய் ஆவணம் வைத்திருத்தல், ஏமாற்றி அனுமதி பெற முயலுதல் போன்றவை. 2022இல் படைக்கப்பட்ட ‘வந்து சேர்தல்’ அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. ஆகவே உங்கள் தந்தையார் கொண்டுவந்த தலைமாற்றிய கடவுச்சீட்டுக்காக ஒருவர்மீது இன்று வழக்குத் தொடுத்தால் அதற்கு எதிர்வாதம் உண்டு. எந்தப் பொய்யும் இல்லாமல், வெறுங்கையோடு, எல்லைக் காவல் படகை நோக்கிக் கையசைத்துக்கொண்டு வந்தவருக்கு இல்லை. மொகமட் என்ற பெயரிலான வழக்கில் 2023ஆம் ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் இந்த வாதம் வைக்கப்பட்டது. சர்வதேச உடன்படிக்கை தானாக உள்நாட்டுச் சட்டமாகிவிடாது, பாராளுமன்றம் கொடுத்த அளவுக்கே பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

எல்லோர்மீதும் வழக்கு வருமா என்றால், இல்லை. 2022ஆம் ஆண்டில் மட்டும் 45,700க்கு மேற்பட்டோர் சிறு படகுகளில் வந்தார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த முதல் ஓராண்டில் அவ்வாறு வந்தவர்களுள் 240 பேர்மீது இந்தக் குற்றம் சாட்டப்பட்டதாக ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சுக்கானைப் பிடித்தவர், முன்பு நாடுகடத்தப்பட்டுத் திரும்பி வந்தவர் ஆகியோரே பெரும்பாலும் அகப்படுகிறார்கள். ஆக, எல்லோரும் குற்றவாளிகள், அவர்களில் யாரை நீதிமன்றத்தில் நிறுத்துவது என்பது அதிகாரிகளின் விருப்பம். சட்டத்தை விட எனக்கு இந்த ஏற்பாடுதான் அச்சம் தருகிறது.

அந்த எட்டு மாதக் கணக்கும் தற்செயல் அல்ல. படகில் வந்து சேர்ந்தது மட்டுமே குற்றம் என்றால் பன்னிரண்டு மாதத்திலிருந்து கணக்கைத் தொடங்கலாம் என்று 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழிகாட்டியது. முதல் வாய்ப்பிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும், மிஞ்சுவது எட்டு. தண்டனை பன்னிரண்டு மாதத்தை எட்டினால் நாடுகடத்தும் நடைமுறை தானாகத் தொடங்கும், அகதிப் பாதுகாப்பை மறுக்கவும் அது காரணமாகக் கூடும். அதனால்தான் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கிறார்கள். எட்டு மாதத் தண்டனை பெற்றவரின் தஞ்சக் கோரிக்கை செத்துப்போவதில்லை. சிறையிலிருந்து வெளிவந்து, அகதி என்று அங்கீகரிக்கப்பட்டவர்களும் உண்டு.

ஈலிங்வாசி எழுதியது:

வழக்கேடு அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஆனாலும் மறுபக்கத்தையும் யாராவது சொல்லத்தான் வேண்டும். நானும் 1999இல் அகதியாக வந்தவன்தான். எனவே என்னை இரக்கமற்றவன் என்று அவசரப்பட்டுத் தீர்மானிக்க வேண்டாம்.

உடன்படிக்கை ‘நேரடியாக’ வருபவரைப் பற்றிப் பேசுகிறது. பிரான்ஸில் போர் நடக்கவில்லை. அங்கே தஞ்சம் கேட்கலாம், இலட்சக்கணக்கானோர் கேட்கிறார்கள். அதை விட்டு, பாதுகாப்பான ஒரு நாட்டின் கடற்கரையிலிருந்து ஆயிரக்கணக்கில் பணம் கட்டிக் குழந்தைகளோடு அந்தப் படகுகளில் ஏறுவதை ஓர் அரசு கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? 2021 நவம்பர் 24ஆம் தேதி அதிகாலை ஒரே படகில் 27 பேர் செத்தார்கள், இன்னும் சிலரைக் காணவேயில்லை. ஏறினால் மறியல் என்ற பயம் இருந்தால் சிலராவது ஏறாமல் விடுவார்கள் என்று நினைப்பது கொடுமையாகாது.

வழக்கேடு எழுதியது:

ஈலிங்வாசி அவர்களுக்கு: ‘நேரடியாக’ என்ற சொல்லுக்கு நீங்கள் கொடுக்கும் பொருளைத்தான் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37ஆம் பிரிவும் ஏறத்தாழக் கொடுக்கிறது: வழியில் வேறொரு நாட்டில் தங்கியவர், அங்கே தஞ்சம் கேட்பதைத் தன்னிடம் நியாயமாக எதிர்பார்த்திருக்க முடியாது என்று காட்ட வேண்டும். 1999 அடிமி தீர்ப்பின் பார்வை வேறு. எங்கே தஞ்சம் கேட்பது என்பதில் அகதிக்கு ஓரளவு தெரிவு உண்டு, வழியில் சிறிது தரித்துச் சென்றதால் மட்டும் பாதுகாப்பு அற்றுப்போகாது என்றது அது. எது சரி என்று நாம் இங்கே விவாதித்துத் தீர்க்க முடியாது.

பயத்தைப் பொறுத்தவரை, எண்களைப் பாருங்கள். 2023இல் 29,000க்கு மேல் என்று குறைந்தது. அந்த ஆண்டு அல்பேனியரின் வரவு பெருமளவு வீழ்ந்தது அதற்கு ஒரு முக்கிய காரணம். 2024இல் 36,800ஐத் தாண்டியது. படகில் வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று அரசு முழங்கிய காலமும் இதற்குள்ளேதான் அடங்குகிறது. அந்தத் திட்டத்தை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது, அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் கைவிட்டார்கள். ஏஜென்சிக்காரர் (காசு வாங்கி ஆட்களை அனுப்புபவர்கள்) எவரும் படகில் ஏறுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கரையிலே காசை எண்ணிக்கொண்டு நிற்பவர்களுக்கு, சுக்கானைப் பிடித்த பயணி மறியலுக்குப் போவதால் ஒரு சதமும் நட்டமில்லை.

செவ்வந்தி எழுதியது:

நான் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். சிறு படகுகளில் தமிழர் வருவது குறைவு. ஆனால் வராமல் இல்லை. இந்த வழக்குகளில் எனக்குள்ள சங்கடம் ஒன்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். எந்த நீதிமன்றம், எந்த ஆண்டு என்று சொல்லமாட்டேன்.

ஒரு வழக்கில் குற்றச்சாட்டை நான் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. சட்டம் ‘நுழைதல்’ என்று இருந்தவரை எனக்குச் சிக்கல் இருக்கவில்லை. நுழைதல் என்றாலே நம் காதுக்குக் கள்ளத்தனத்தின் சாயல் ஒட்டிக்கொள்கிறது. ‘வந்து சேர்தல்’ அப்படியல்ல. சுகமாக வந்து சேர்ந்தேன் என்று ஊருக்குக் கடிதம் எழுதும்போது பயன்படுத்தும் சொல் அது. “முன்னனுமதி இல்லாமல் ஐக்கிய இராச்சியத்துக்குத் தெரிந்தே வந்து சேர்ந்தீர் என்பது உம்மீதான குற்றச்சாட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீரா?” என்று வாசித்தேன். அந்தப் பொடியன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்து, “அக்கா, வராமலே இஞ்ச நிக்கிறன்?” என்றான். மொழிபெயர்ப்பாளர் எதையும் விடக் கூடாது. அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். நீதிபதி சற்றுப் பேசாமல் இருந்துவிட்டு, அது ஒப்புதலா இல்லையா என்று அவனுடைய சட்டத்தரணியிடம் கேட்டார். சட்டத்தரணி பத்து நிமிட அவகாசம் கேட்டார். அந்தப் பத்து நிமிடம் கீழேயுள்ள அறையில் நடந்தது வழக்கேடு அவர்கள் மேலே எழுதிய அதே எட்டு மாதக் கணக்குத்தான்.

அவனுக்கெதிரான சான்று வானிலிருந்து எடுத்த ஒரு படம். முகம் தெரியவில்லை. எஞ்சினின் கைப்பிடியில் ஒரு கை, அந்தக் கையின் மணிக்கட்டில் மூன்று சுற்றாகக் கட்டிய சிவப்புக் கோயில் நூல். டோவரில் இறங்கியபோதும் அந்த நூல் அவன் கையில் இருந்தது. கடற்றொழில் தெரிந்தவன் என்பதால் ஏஜென்சிக்காரர் அவனுக்குக் காசைக் குறைத்து, எஞ்சினைக் கொடுத்திருக்கிறார்கள். மறுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்டதற்கு, “வேற ஆரும் பிடிச்சிருந்தா தாட்டிருப்பாங்கள்” என்றான். ஈலிங்வாசி அண்ணா, உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் படகில் இருந்தவர்களில் கடலைப் பற்றி எதையாவது அறிந்திருந்த ஒருவன் அவன்தான்.

ஸ்காபரோ அரசன் எழுதியது:

இந்த இடத்தில் கனடாவின் அனுபவத்தையும் சேர்க்க வேண்டும். சுக்கானைப் பிடித்தவர் கடத்தல்காரரா என்ற கேள்விக்கு இங்கே உச்ச நீதிமன்றம்வரை சென்று விடை கண்டது நம்மவர்களின் வழக்குகளில்தான்.

2009 அக்டோபரில் ஓஷன் லேடி என்ற கப்பலில் 76 பேரும், 2010 ஆகஸ்ட் 13ஆம் தேதி எம்வி சன் சீ என்ற கப்பலில் 492 பேரும் பிரிட்டிஷ் கொலம்பியா கரையை வந்தடைந்தார்கள். எல்லோரும் ஈழத்தமிழர். அவர்கள் கரையில் கால் வைக்கும் முன்பே கடத்தல்காரர், பயங்கரவாதி என்ற பேச்சு தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் தொலைக்காட்சியை நிறுத்தவேயில்லை. கப்பலில் 49 பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்று அறிவிப்பாளர் சொன்னபோது, தாய்மார் அவர்களுக்குச் சாப்பிட என்ன கொடுத்திருப்பார்கள் என்ற யோசனைதான் என் மனைவிக்கு. எல்லோரையும் அடைத்துவைத்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் சட்டமும் மாறியது. கூட்டமாக இவ்வாறு வருபவர்களை அமைச்சர் தனிவகையினராக அறிவித்தால், 16 வயது நிரம்பியோரைக் கட்டாயமாகத் தடுத்துவைக்கலாம்; அகதி என்று ஏற்கப்பட்ட பிறகும் ஐந்தாண்டுகளுக்கு நிரந்தர வதிவுரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது.

சன் சீயின் தாய்லாந்து மாலுமிகள் கப்பலை விட்டுப் போனதால், பயணிகளே சமைத்தார்கள், எஞ்சின் அறையில் வெப்பமானியைப் பார்த்துக் குறித்தார்கள், மாறி மாறிக் காவல் நின்றார்கள். அந்த வேலைகளைச் செய்தவர்கள் ஆட்கடத்தலில் ஈடுபட்டவர்கள், ஆகவே தஞ்சம் கேட்கவே தகுதியற்றவர்கள் என்று அரசு வாதிட்டது. ‘பி010’ என்று எண்ணால் மட்டுமே குறிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 2015 நவம்பர் 27ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. பணத்துக்காகவோ வேறு பொருள் இலாபத்துக்காகவோ, நாடு கடந்த குற்றக் கும்பலின் செயலோடு சேர்ந்து செய்தால்தான் அது கடத்தல். உயிர் தப்ப ஓடும் அகதிகள் ஒருவருக்கொருவர் உதவுவது அதனுள் அடங்காது என்றது தீர்ப்பு. ஓஷன் லேடி தொடர்பான அப்புலோனப்பா வழக்கிலும் அன்றே, மனிதாபிமான உதவியையும் உறவினருக்கான உதவியையும்கூடக் குற்றமாக்கும் அளவுக்கு அந்தச் சட்டப் பிரிவு மிகையாக விரிந்திருக்கிறது என்று தீர்த்தார்கள். செவ்வந்தி அக்கா சொன்ன பொடியன் கனடாக் கரையில் அகப்பட்டிருந்தால், அவனுடைய சட்டத்தரணிக்குச் சொல்ல ஏதாவது இருந்திருக்கும். அவனுக்குக் காசைக் குறைத்தது ‘பொருள் இலாபமா’ என்று அரசுத் தரப்பு கிண்டிக் கேட்டிருக்கும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

அரிச்சல்முனை எழுதியது:

ராமேசுவரத்திலிருந்து சில வரிகள். இந்தியா 1951 உடன்படிக்கையில் சேரவே இல்லை. எனவே இங்கே 31ஆம் உறுப்புரையைக் காட்டி வாதாட முடியாது. 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடி தாங்காமல் முதலில் வந்தவர்களைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். கைக்குழந்தையும் அவர்களிடம் இருந்தது. கடலோரக் காவல் படை மீட்டுக் கொண்டுவந்தது, வழக்குப் பதிவானது, பிறகு மண்டபம் அகதி முகாமுக்கு வந்தார்கள். 2025இல் வந்த புதிய குடியேற்றச் சட்டத்தில் ஆவணமின்றி நுழைந்தால் ஐந்தாண்டுவரை சிறை. அதிலிருந்து, 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறார்கள். அந்த மணல்திட்டுக் குழந்தை விலக்குத் தேதிக்கு ஏழாண்டு பிந்தி வந்தது.

ஈலிங்வாசி எழுதியது:

செவ்வந்தி அவர்களின் பதிவை இரண்டு முறை வாசித்தேன். கடலில் ஏறுவதைத் தடுக்க வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் தடுப்பதற்கு அந்தப் பொடியனைத்தான் பிடிக்க வேண்டுமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. 1999இல் நான் லொறியில் வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் ஒன்பது நாள் நின்றேன்.

தேம்ஸ்கரையான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வழக்கேடு அவர்களின் விளக்கத்தை அப்பாவுக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். 1985இல் இலங்கையருக்கு விசா கட்டாயமாக்கப்பட்டதும், பொதுநலவாய நாடொன்றுக்கு பிரித்தானியா அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை என்பதும் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1987 பெப்ரவரியில் ஹீத்ரோவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட நம்மவர்கள் தம்மை விமானத்தில் திருப்பி ஏற்ற விடாமல் உடுப்பைக் களைந்து நின்றதையும், அதே ஆண்டு ஆவணமில்லாத பயணி ஒருவருக்கு ஆயிரம் பவுண் என்று விமான நிறுவனங்களுக்குத் தண்டம் விதிக்கச் சட்டம் வந்ததையும் அவரே சொன்னார். “பிளேனை அடைச்சது எங்களுக்காக, அதாலதான் இவங்கள் வள்ளத்தில வாறாங்கள்” என்றார்.

கடைசியாக ஒரு கேள்வி. என் மைத்துனர் 2019இல் லொறியில் வந்து, அகதியாக ஏற்கப்பட்டு, நிரந்தர வதிவுரிமையும் பெற்றவர். அவர்மீது வழக்கு எதுவும் இருந்ததில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறார். இந்தச் சட்டங்கள் அவரைப் பாதிக்குமா?

வழக்கேடு எழுதியது:

2022ஆம் ஆண்டுக் குற்றம் பின்னோக்கிச் செல்லாது. 2019இல் வந்ததற்காக அதன்கீழ் அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. ஆனால் குடியுரிமைக்கு ‘நன்னடத்தை’ என்றொரு நிபந்தனை உண்டு. 2025 பெப்ரவரி 10ஆம் தேதி முதல் வரும் விண்ணப்பங்களில், சட்டவிரோதமாக நுழைந்தவருக்கு, எத்தனை ஆண்டு கடந்திருந்தாலும், குடியுரிமை வழமையாக மறுக்கப்படும் என்று உள்துறை அமைச்சின் வழிகாட்டலில் எழுதிவிட்டார்கள். லொறியில் ஒளிந்து வந்தவர்களும் அதற்குள் வருகிறார்கள். அகதியாக ஏற்கப்பட்டது மட்டும் போதுமான விலக்காகாது. ‘வழமையாக’ என்ற சொல் இருப்பதால், சிறு வயதில் வந்தது போன்ற சிறப்புக் காரணங்களை எடுத்துச் சொல்ல இடமுண்டு.

அவர் வந்தபோது என்ன வயது, எல்லையில் அவரைக் கண்டது யார், எந்த நாளில் தஞ்சம் கேட்டார் என்பவை முதல் நேர்காணல் பதிவில் இருக்கும். அந்தக் கோப்பின் பிரதியை முதலில் கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். அதைக் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிய பிறகே விண்ணப்பத்தில் கை வைக்க வேண்டும். கட்டணம் இப்போது 1,600 பவுணைத் தாண்டிவிட்டது. மறுத்தால் அந்தப் பணம் திரும்பி வராது.